மிளகு காய ஒரு முற்றம்

(மாத்தளை மாவட்டத் தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில் நடத்த மாத்தளையைப் போல வசதியான இடம் கிடையாது என்று முதலாளிமார் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. எல்கடுவைப் பக்கம் தேயிலை, கீழே இறப்பர், கொக்கோ, மிளகு, கராம்பு, சாதிக்காய். ரயில் 1880இலேயே வந்துவிட்டது. ஏ9 வீதி ஊருக்குள்ளேயே போகிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். சரக்கு, பாதை, படிப்பு மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் செலவு குறையும். நாலாவதாக ஒன்றும் உண்டு, அதை அவர்கள் சொல்வதில்லை. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியே நடந்துவந்து கோப்பிக்குக் காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளான எங்கள் கைப்பழக்கம்தான் அது.

மிளகையே எடுங்கள். இலங்கை மிளகில் பைபரின் என்ற காரச்சத்து கூடுதல். சாறு எடுக்கும் இந்தியக் கம்பனிகள் அதற்காகவே தேடி வாங்குகின்றன. நாமோ லயத்தோரம் நிற்கும் நாலு கொடியில் பறித்ததைப் பச்சையாகவே லொறிக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். ஆகவே பச்சை விலையை மூன்றால் பெருக்குங்கள். காய்ந்த மிளகு விலையில் அதற்கு மேல் நிற்பது முழுக்க வாங்குகிறவருக்குப் போகிறது.

அவசரக் காசு ஒரு காரணம், மழை இன்னொன்று. ஆனால் காயப்போட இடம் எங்கே? லயத்து வாசலில் பிள்ளைகள், கோழி, பக்கத்து வீட்டுத் துணி!

வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். அது சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 அடி போக, எட்டடிக்கு ஒன்றாக நட்டால் இருபது கொடி வைக்கலாம். உறுதிப்பத்திரம் கையில் இல்லாமல் யார் நடுவார்கள்? ஆகவே காணி உறுதியோடு, ஒவ்வொரு டிவிசனுக்கும் சீமெந்து போட்ட ஒரு பொது முற்றமும் கேட்கிறோம். முற்றத்துக்குத் தோட்டத்தின் ஒரு மூலை போதும். அதற்குமா கொழும்பில் அனுமதி வேண்டும்?

வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் ஸ்டோர்களிலும் நாட்கூலிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாட்கூலி என்றாலும் சேமலாப நிதி உண்டு. எங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12. நம்பிக்கை நிதி 3 வீதமும் முதலாளியே கட்ட வேண்டும். சம்பளத் துண்டு கேளுங்கள். தராவிட்டால் வேலை செய்த நாட்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, மிளகு விற்ற நிறையும் விலையும் எழுதிய துண்டுகளைக் கொண்டு வாருங்கள். முற்றம் கேட்டுப் போகும் மனுவோடு அவற்றையும் சேர்க்கப் போகிறோம்.