ஒல்லாந்தரின் கைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதால் கேட்கச் சொல்வது கொஞ்சம் துணிச்சலான காரியந்தான். ஆனாலும், எனக்குப் பிடித்த ஓவியங்களைப் பற்றிப் பேசுமாறு கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. மோனா லிசாவை விட்டுவிடுகிறேன். அவளுடைய புன்னகையைப் பற்றிப் பேசாதவர் யார்? அந்தப் படத்தில் நான் பார்ப்பது அவளுடைய கைகளை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த, மிக அழகான கைகள். ஒரு சட்டிபானை கழுவியறியாத கைகள். எனக்குப் பிடித்தவை வேறு கைகள். அவற்றைத் தீட்டிய மூவரும் ஒல்லாந்தர்கள்.

ஒல்லாந்தர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கோட்டைகளும் தோம்புகளும், 1707இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமைச் சட்டமும். கந்தோர் என்று நாம் சொல்லிவந்த சொல்கூட அவர்கள் விட்டுப்போனதுதான். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். நெடுந்தீவுக்குத் தங்கள் நகரம் ஒன்றின் பெயரைச் சூட்டினார்கள்: டெல்ஃப்ற். அந்த டெல்ஃப்ற் நகரத்திலே, ஏறக்குறைய அதே ஆண்டுகளில், ஜொஹானஸ் வெர்மீர் என்ற ஓவியர் ஒரு குசினியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலே இருக்கும் அந்த ஓவியத்துக்குப் 'பால்காரி' என்று பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவள் பால் விற்பவள் அல்ல. ஒரு வீட்டின் குசினியிலே வேலை செய்யும் பெண். படமும் பெரிதல்ல. உயரம் நாற்பத்தைந்து சென்ரிமீற்றர், அகலம் நாற்பத்தொன்று. ஏறக்குறைய ஒரு பத்திரிகைப் பக்கம். அதற்குள் நடப்பதும் பெரிதல்ல. இடப்பக்கத்து யன்னலால் வெளிச்சம் வருகிறது. மேசையில் பாண் துண்டுகள். அவள் ஒரு மண் குடத்தைச் சரித்து, சட்டியில் பால் ஊற்றுகிறாள். அவ்வளவுதான்.

ஆனால் அவள் ஊற்றும் விதத்தைப் பாருங்கள். ஒரு கை குடத்தின் பிடியில். மற்றக் கை அதன் அடியில். எடையை அறிந்த கைகள். சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருக்கிறாள். வெயில் படாத முன்னங்கை வெளுத்திருக்கிறது. மணிக்கட்டும் விரல்களும் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து சிவந்திருக்கின்றன. ஒரே கையில் இந்த இரண்டு நிறங்களையும் வைக்க வேண்டும் என்று வெர்மீருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அவளுடைய வேலைத்துணியின் நீலமோ ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுத்தது. விலை மிகுந்த அந்த நீலத்தை ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலமாக மாதாவின் மேலாடைக்கென்றே பொத்திவைத்திருந்தார்கள். வெர்மீர் அதை ஒரு வேலைக்காரியின் இடுப்பிலே கட்டிவிட்டார்.

பின்சுவர் வெறுமையானது. ஓர் ஆணி, அதன் நிழல், ஆணி பிடுங்கிய சில துளைகள். முதலில் அவளுடைய தலைக்குப் பின்னால் குடங்கள் தொங்கவிடும் பலகையொன்றை வெர்மீர் வரையத் தொடங்கி, பிறகு அதை மூடிவிட்டார் என்று 2022இல் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பொருள்களை எடுத்துவிட்டு அவளை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார். இன்னொரு செய்தியும் உண்டு. 1675இல், நாற்பத்து மூன்று வயதிலே, கடனோடுதான் அவர் இறந்தார். பாண் வாங்கிய கடனுக்காக அவருடைய மனைவி இரண்டு ஓவியங்களைப் பேக்கரிக்காரரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. மேசையிலே பாண் துண்டுகளை அவ்வளவு ஆசையாகத் தீட்டிய மனிதர்!

இந்த இடத்தில் என் மனம் ஒருமுறை தடக்குவதுண்டு. அதே ஆண்டுகளில், அதே ஒல்லாந்தரின் ஆட்சியில், நமது நாட்டில் கறுவாப்பட்டை உரித்த கைகளும் இருந்தன. அனுமதியில்லாமல் கறுவா வெட்டினால் மரண தண்டனை வரை விதித்த ஆட்சி அது. அந்தக் கைகளை வெர்மீர் தீட்டவில்லை, அவர் கண்டதுமில்லை. டெல்ஃப்றின் செல்வத்திலே நம்முடைய கறுவாவும் கலந்திருக்கிறது. இதை அறிந்துகொண்டும் அந்த ஓவியத்தை விரும்பலாமா என்று என்னை நானே கேட்டதுண்டு. விரும்புகிறேன். கோட்டை கட்டியவர்களும் அவளும் ஒரே இனத்தவர்தான். ஆனால் அவள் கோட்டையில் இருந்தவள் அல்ல, குசினியில் இருந்தவள். கறுவா உரித்தவனுக்கு அவளுடைய கையைக் கண்டால் விளங்கியிருக்கும்.

அடுத்தது றெம்ப்ராண்டின் 'ஊதாரி மைந்தனின் வருகை'. ரஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் ஹெர்மிற்றாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டரை மீற்றருக்கும் உயரமான பெரிய படம். கதை விவிலியத்தில் வருவது; நேயர்களுக்குத் தெரிந்ததே. மகன் தகப்பனின் மார்பிலே தலையைப் புதைத்து முழந்தாளிட்டிருக்கிறான். அவனுடைய முகத்தை விட, நம் பக்கம் தெரியும் பாதத்தைத்தான் றெம்ப்ராண்ட் நமக்குக் காட்ட விரும்பினார் போலும். செருப்புக் கழன்று விழுந்து, தேய்ந்துபோன உள்ளங்கால். கதையிலே தகப்பன் மோதிரமும் புது ஆடையும் பாதரட்சையும் கொண்டுவரச் சொல்கிறார். படத்தில் அவை ஒன்றும் இன்னும் வந்துசேரவில்லை. வந்திருப்பவை தகப்பனின் இரண்டு கைகள் மட்டுமே. அவை ஒன்றுபோல இல்லை. ஒன்று அகன்றது, மகனை இறுகப் பிடித்திருக்கிறது. மற்றது மெல்லியது, தடவிக்கொடுக்கிறது. ஒன்று தகப்பனின் கை, மற்றது தாயின் கை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் பிரிக்க விருப்பமில்லை. காணாமற்போய்த் திரும்பிய பிள்ளையைத் தொடுகிற எந்தக் கிழவரின் கையும் இரண்டையும் ஒரே நேரத்தில்தான் செய்யும். 1668இல் தன் மகன் தீற்றுஸைப் பறிகொடுத்து, அடுத்த ஆண்டே றெம்ப்ராண்டும் இறந்துபோனார். அந்த இறுதிக் காலத்து ஓவியம் இது.

1885 ஒக்டோபரில் வின்சென்ற் வான்கோ ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், றெம்ப்ராண்டின் வேறோர் ஓவியத்தின் முன்னால், 'யூத மணப்பெண்'ணின் முன்னால், எழும்ப மனமில்லாமல் இருந்தார். காய்ந்த பாண்துண்டோடு இரண்டு வாரம் அங்கே இருக்க விட்டால் ஆயுளில் பத்து வருடத்தைக் கொடுத்துவிடுவேன் என்று கூட வந்த நண்பரிடம் சொன்னாராம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், நூவெனன் என்ற கிராமத்திலே, 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' ஓவியத்தை அவர் முடித்திருந்தார்.

தாழ்ந்த கூரை. ஒரே ஒரு எண்ணெய் விளக்கு. மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒரு தட்டிலிருந்து கிழங்கு எடுக்கிறார்கள். கிழவி கோப்பி ஊற்றுகிறாள். அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் குடியானவர்களின் தலைகளையும் கைகளையும் மீண்டும் மீண்டும் தீட்டிப் பழகினார். தட்டுக்கு நீளும் இந்தக் கைகளே மண்ணைக் கிண்டியவை என்பதையும், இந்த உணவு நேர்மையாக உழைத்துப் பெற்றது என்பதையும் காட்டவே முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். கணுக்கள் புடைத்த விரல்கள். கிழங்கும் விரலும் ஒரே மண்ணில் விளைந்தவைபோல இருக்கின்றன. நிறமோ தோல் உரிக்காத, புழுதி படிந்த கிழங்கின் நிறம்.

அதன் கல்லச்சுப் பிரதியைப் பார்த்த நண்பர் வான் றாப்பார்ட், உள்ளே இருக்கும் பெண்ணின் கை பொய்யானது என்று நையாண்டி செய்து எழுதினார். வான்கோ அந்தக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பாரிஸிலோ அப்போது வெளிச்சமான நிறங்களின் காலம். இந்த இருட்டை யாரும் விரும்பவில்லை. ஆயினும் 1887இல், அதே பாரிஸிலிருந்து, தம் ஓவியங்களிலே அதுதான் எல்லாவற்றிலும் நல்லது என்று தங்கைக்கு எழுதினார். புகழ்பெற்ற அந்தச் சூரியகாந்திப் பூச்சாடிகளை அவர் இன்னும் தீட்டாத காலமென்றால் விட்டுவிடலாம் என்பீர்கள். எனக்கு அந்தப் பூக்களைப் பார்த்த பின்பும் அவருடைய தீர்ப்பிலே பிழை தெரியவில்லை.

படத்தின் நடுவிலே, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறுமி இருக்கிறாள். கிழங்கின் ஆவி அவளைச் சுற்றி எழுகிறது. அவளுடைய கைகளை மட்டும் வான்கோ காட்டவில்லை. எங்காவது நூலகத்தில் இந்தப் படம் உள்ள புத்தகம் கிடைத்தால், அவளைத் தேடிப் பாருங்கள்.