நாய்க்குட்டி வியாபாரமும் நம் ஊராட்சிகளும்
(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மாட்டைப் பற்றியும், ஆட்டைப் பற்றியும், கோழியைப் பற்றியும் இம்மேடையில் பன்முறை பேசியிருக்கிறோம். இன்று நாயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். அதில் தவறில்லை. பயிருக்கும் பட்டிக்கும் காவலாக நாய் நம்மோடு வாழ்ந்து வருகிறது; அதைக் குறித்து அதிகாரிகள் பேச என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் சில ஆண்டுகளாக நாய்க்குட்டி ஒரு விலைச்சரக்காகிவிட்டது. பட்டணத்தில் ஒரு குட்டி ஓர் ஆட்டின் விலைக்கும் மேலாகப் போகிறது. கோழிப்பண்ணையில் நஷ்டமடைந்தவர்கள் சிலர் அதே கொட்டகையில் நாய்களை அடைத்து இத்தொழிலைத் தொடங்கியிருக்கின்றனர். தொழில் செய்வதை நாம் குறை கூறவில்லை. அது எவ்வாறு நடக்கிறது என்பதே கேள்வி.

நம் தென்மாவட்டங்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாய் இனங்கள் நம் மண்ணில் தோன்றியவை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பிடிக்கும் ஒல்லியான உடற்கட்டுள்ளவை. இராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர் போனவை. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கெனத் தபால் தலைகள் வெளியிட்டபோது அவற்றுள் இராஜபாளையமும் இடம்பெற்றது. இவ்வினங்களைக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகளே. ஒரு வீட்டில் ஒரு பெட்டை இருக்கும். ஈன்ற குட்டிகளை உற்றார் உறவினருக்குக் கொடுப்பார்கள். அம்முறையில் தாய்க்கும் குட்டிக்கும் தீங்கு நேர இடமில்லை.

இப்போது நடப்பது வேறு. பெட்டை நாய் ஏறத்தாழ ஆறு ஏழு மாதங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். குட்டிகள் பால் மறக்க ஆறு முதல் எட்டு வாரங்களாகும். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் இணைசேர்த்தால் ஓர் ஆண்டில் இரண்டு ஈற்றுக்கூட எடுத்துவிடலாம். கணக்குப் பார்ப்பவருக்கு இது லாபம். ஆனால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலாகப் போய், பாலூட்டும் நாட்களிலேயே உடல் வெட்டியிழுத்துத் தாய் மாண்டு போவதுமுண்டு. பிழைத்ததும் எலும்புந் தோலுமாகி, நாலைந்து வயதிலேயே கிழப்பருவம் எய்திவிடுகிறது. பசுவுக்கு ஓர் ஈற்றுக்கும் மறு ஈற்றுக்கும் இடையே ஓய்வு வேண்டும் என்று அறிந்த விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் வட்டாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் பழைய கோழிக்கொட்டகை ஒன்றைக் கால்நடை மருத்துவருடன் சென்று பார்த்தோம். ஊரின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். பதினான்கு பெட்டைகள் கம்பிக் கூண்டுகளில் இருந்தன. நிமிர்ந்து நிற்க உயரம் போதாமல் முதுகு வளைந்து நின்றன. கம்பி வலையே தரை. கால் விரல்களுக்கிடையில் புண். பக்கத்துக் கோழிப்பண்ணையில் செத்த கோழிகளே உணவு. குட்டிகளை ஒரு மாதத்திலேயே தரகர் வந்து எடுத்துச் செல்கிறார் என்று வேலையாள் சொன்னார். ஈனும் வயது கடந்த நாய்கள் என்னவாகின்றன என்று கேட்டோம். அவர் புறவழிச்சாலைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஒரு மாதக் குட்டியை விற்பதில் உள்ள கேடு வாங்குபவருக்கு உடனே தெரிவதில்லை. பார்வோ என்னும் வைரஸ் நோய் தொற்றிய மூன்று முதல் ஏழு நாட்களுக்குப் பிறகே வெளிப்படும். விற்கும்போது குட்டி துள்ளி விளையாடும். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வாந்தியும் இரத்தப் பேதியுமாக விழும். வாங்கியவர் தம் வீட்டுச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி வருந்துவார். நோய் கொட்டகையிலிருந்து வந்ததென்பதை அறியார். இந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். நோய் வந்த கொட்டகையைச் சலவைத்தூள் கரைசலால் நன்கு கழுவாமல் அடுத்த ஈற்றை அங்கேயே விட்டால் அதுவும் மடியும். அன்றியும் வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. தாயும் ஊசியறியாமல், சுற்றிலும் தெருநாய் நடமாட்டமும் இருக்குமானால், குட்டியோடு ஆபத்தும் பட்டணத்துக்குப் பேருந்து ஏறிவிடுகிறது. வெறிநோய் கண்டபின் மனிதனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தக் கலப்பின் விஷயமும் உண்டு. அசல் இனம் என்று விலை பேசுவதற்காகத் தகப்பனையும் மகளையும், உடன்பிறந்தவற்றையும் இணைசேர்க்கும் வழக்கம் பரவி வருகிறது. இராஜபாளையத்தின் தூய வெண்மைக்கு விலை அதிகம். ஆனால் நாய்களில் அந்த வெண்மையோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவதுண்டு. வெண்மையை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினால் காது கேளாத காவல் நாயைத்தான் பெறுவோம். திருடனுக்கு இதைவிட வசதி ஏது?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் பிறந்ததற்குப் பெரிதும் காரணமானவர் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது. நிற்கவும் திரும்பவும் போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பது, நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது, நியாயமான காரணமின்றிக் கைவிட்டுப் போவது யாவும் அச்சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். ஆகவே புறவழிச்சாலையில் கிழநாயை இறக்கிவிடுவது சிறு விஷயமன்று. அதற்குரிய தண்டனையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். முதற் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம்! 1960இல் அது ஒரு தொகை. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது நம் தாழ்மையான கருத்து. ஆனால் அதுவரை கை கட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஏனெனில் அச்சட்டத்தின்கீழ் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றின்படி மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவுச் சான்று பெறாமல் எவரும் இத்தொழிலை நடத்தலாகாது. சான்று இரண்டாண்டுக்கே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணைசேர்க்கக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்குப் பின் அறவே கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது. விற்குமுன் தடுப்பூசி போட்டு, தோலுக்கடியில் அடையாளச் சில்லும் பொருத்த வேண்டும். எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன, யாருக்கு விற்றது என்று பதிவேடு இருக்க வேண்டும். நம் பால் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் கணக்கைவிட இது ஒன்றும் கடினமில்லை.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் நிறையாத குட்டியை இடைத்தரகர் விற்கவே கூடாது என்று சட்டம் செய்துவிட்டனர். வளர்த்தவரிடம் நேரில் சென்று, தாயோடு குட்டியைப் பார்த்தே வாங்க வேண்டும். வேல்ஸ் நாட்டுக் கொட்டகை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற பெட்டை நாயின் பெயரால் அச்சட்டத்தை அழைக்கின்றனர். தாயைக் காட்டு என்று கேட்பது நம்மூரில் எருமைக் கன்று வாங்குபவரும் கேட்கும் கேள்விதான், அதைச் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

விதி அரசாங்கத்தையும் விடாது. நாட்டு இனங்களைக் காக்கவென்று சென்னை சைதாப்பேட்டையில் அரசே நடத்திவந்த நாய் இனப்பெருக்க நிலையத்தை மூடும்படி 2020ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அரசின் கொட்டகைக்கே அந்த அளவுகோல் என்றால் தனியார் கொட்டகைக்கு வேறு அளவுகோல் கேட்க முடியாது.

ஊராட்சிகள் என்ன செய்யக் கூடும்? கொட்டகை கட்ட அனுமதி கேட்டோ, தொழிலுக்கு வரி செலுத்தியோ, தண்ணீர் இணைப்புக் கோரியோ அவர் முதலில் உங்களிடம்தான் வருகிறார். அப்போதே வாரியத்தின் சான்று எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் விரட்ட வேண்டாம், விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கழிவு நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஓரிரு பெட்டைகளை வீட்டில் வளர்த்துக் குட்டி விற்கும் சிறு விவசாயிகள், ‘எங்களையும் பிடிப்பீர்களா?’ என்று அஞ்சுவதாகக் கேள்விப்படுகிறோம். விற்பனைக்காக வளர்ப்பவருக்கு விதி பொதுவானது. ஆனால் அவர்களுள் பலர் ஏற்கெனவே விதி கேட்பதைச் செய்கிறவர்கள். எட்டு வாரம் தாயிடம் விடுகிறார்கள். ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான் எடுக்கிறார்கள். சான்றும் பதிவேடும் அவர்களுக்குப் பயனே தரும். தரகரை நம்பாமல் தாயைக் காட்டி நேரடியாக நல்ல விலைக்கு விற்க அதைவிட உதவி வேறில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து விண்ணப்பங்களை எழுதி வந்தால் நம் அலுவலகத்திலேயே சரிபார்த்து அனுப்புவோம்.

கைவிடப்பட்ட நாய்கள் கடைசியில் உங்கள் கணக்கில்தான் சேர்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். 2023ஆம் ஆண்டின் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. ஒருவர் லாபம் பார்த்துவிட்டு இறக்கிவிட்ட நாய்க்கு ஊரார் வரிப்பணத்தில் செலவு செய்கிறோம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டுகிறோம். அதற்குமுன் உங்கள் எல்லைக்குள் எத்தனை கொட்டகைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டைகள், சான்று உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி ஊராட்சிச் செயலர் மூலம் அனுப்புங்கள். கால்நடை உதவி மருத்துவரும் நாமும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஊராக வருகிறோம்.