நாம் நம்பிய வானொலி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் பேச வருகிறார் என்றதும், நீரிழிவைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும் சொல்லி, மதியம் பாயசம் குடிக்கவிடாமல் செய்துவிடுவேனோ என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். நூறு வயதைத் தொட்ட எமது சங்கத்தைப் போலவே நூறு வயதான இன்னொரு நிறுவனத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இங்கே இருக்கும் எவருடைய வீட்டிலும் அது ஒரு காலத்தில் குடியிருந்தது. சாமியறைக்கும் குசினிக்கும் இடையில் அதற்கென்று ஒரு தட்டும், அழகாகப் பின்னிய ஒரு விரிப்பும் இருந்தன. இலங்கை வானொலியைத்தான் சொல்கிறேன்.

1920களின் தொடக்கத்தில் இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர் என்பவர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டை வானலையில் அனுப்பிப் பார்த்தார். முதலாம் உலக யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டே அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்த ஒலிபரப்பியைக் கட்டினார்கள் என்று வானொலி வரலாறு சொல்கிறது. யுத்தத்துக்குச் செய்த பொருள் பாட்டுக்குப் பயன்பட்டது. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி, ஆளுநர் சேர் ஹியூ கிளிபேர்ட், வெலிக்கடையில் அமைந்த நிலையத்தைத் திறந்து வைத்தார். லண்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் தனது படையினருக்காகக் கொழும்பில் ஒரு வானொலியை நடத்தியது. அதற்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஆசியாவின் பெரும் பகுதிக்குக் கேட்கக்கூடியது. யுத்தம் முடிந்தபின் அந்த வசதிகள் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமானது.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று எண்ணி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் செய்தார். கோடிக்கணக்கான இந்திய நேயர்கள் வானொலியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அமீன் சயானி பம்பாயில் பேசி ஒலிப்பதிவு செய்த ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி, நாடாவில் கொழும்புக்கு விமானத்தில் வந்து, கொழும்பிலிருந்து மீண்டும் இந்தியாவுக்கே காற்றில் போனது. தமிழ்நாட்டு வீடுகளில் எஸ்.பி. மயில்வாகனம் அவர்களின் குரல் அங்குள்ள நடிகர்களின் குரலைப் போலப் பழகிப்போனது. 1957இல் இந்தியா ‘விவித பாரதி’யைத் தொடங்கியதற்குக் கொழும்பு கொடுத்த போட்டியும் ஒரு காரணம்.

எங்கள் அம்மாமார் பாட்டோடு நாடகத்தையும் கேட்டார்கள். ‘சானா’ என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட சண்முகநாதன் அவர்களின் காலத்தில் வானொலி நாடகத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் கூச்சமில்லாமல் ஒலித்தது. பிறகு சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ வந்தது. நாடகக் குரலாக உள்ளே போன ராஜேஸ்வரி சண்முகம் அவர்கள், பின்னர் அறிவிப்பாளராகி, 2012இல் மறையும்வரை ‘வானொலிக் குயில்’ என்றே அறியப்பட்டார். சற்சொரூபவதி நாதன் அவர்கள் செய்தி வாசித்தால், ழகரமும் ளகரமும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும். பெண் பிள்ளை சத்தமாகப் பேசக்கூடாது என்று சொன்ன வீடுகளில்கூட, அந்தப் பெண்கள் பேசியபோது ஆண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். எமது மேடைகளில் பேசப் பழகிய எத்தனை மாணவிகள் அவர்களின் குரலை மனதில் வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதை, இங்கே முன்வரிசையில் இருக்கும் அக்காமார் சொல்லட்டும்.

ஆனால் இந்த வானொலியின் மிகப் பெரிய நிகழ்ச்சி எதுவென்று கேட்டால், நான் பாட்டையும் சொல்லமாட்டேன், நாடகத்தையும் சொல்லமாட்டேன். மரண அறிவித்தல் என்றுதான் சொல்வேன்.

சிரிக்காதீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொலைபேசி ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்த காலம். மகன் மாத்தறையில் லிகிதர், மருமகன் பதுளையில் ஆசிரியர், பெறாமகள் திருகோணமலையில். தாய் கண்ணை மூடினால் இத்தனை பேருக்கும் ஒரே நாளில் யார் போய்ச் சொல்வது? வானொலிதான் சொன்னது. பெயர், பிறந்த இடம், வாழ்ந்த இடம், யாருடைய மகள், யாருடைய மனைவி, யார் யாருடைய தாய், கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானத்தில். ஒரு வைத்தியராக நான் அதைக் கவனிக்கிறேன். தேவையான விபரம் ஒன்றும் விடுபடாது. தேவையில்லாத சொல் ஒன்றும் இராது. நோயாளியின் வரலாற்றை எழுதும் பயிற்சி வைத்தியர்களுக்கு அதை ஒரு பாடமாகவே வைக்கலாம். அமைச்சரின் தாய்க்கும் சந்தையில் மரக்கறி விற்றவரின் தாய்க்கும் அதே ஒழுங்கு, அதே நிதானம். அதைக் கேட்டு, உண்மையா பொய்யா என்று எவரும் விசாரித்ததில்லை. கேட்டவுடன் பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். ஒரு வானொலியை நம்புவது என்றால் அதுதான்.

இப்போது இந்த வரலாற்றின் மறுபக்கத்துக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1967 ஜனவரி 5ஆம் திகதி வானொலி திணைக்களமாக இருப்பது மாறி, கூட்டுத்தாபனமாயிற்று. அரசாங்க அலுவலகம் என்ற நிலையிலிருந்து விடுபட்டு, தன் காலில் நிற்கும் ஒரு பொது நிறுவனமாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அதன் பணிப்பாளர் சபையை நியமிப்பது அமைச்சரின் கையில் இருந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் செய்தியின் தொனியும் மாறியது. அந்தச் சுதந்திர சதுக்கத்துக் கட்டடத்தில் எத்தனையோ நேர்மையான மனிதர்கள் வேலை செய்தார்கள். செய்தியின் முதல் வரி எது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

எனது வயதை ஒத்தவர்களுக்கு இது நேரடியாகவே தெரியும். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி கொடுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் அறிவிப்பாளரும் களைத்துப்போவார். கையால் சம்பாதித்த ஒலி என்பதால், எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்தே கேட்டோம். மரண அறிவித்தலுக்கு மிதித்தோம். பாட்டுக்கு, பெரியவர்கள் பார்க்காத நேரத்தில் மிதித்தோம். செய்திக்கு, இரவில் பி.பி.சி. தமிழோசைக்கு மிதித்தோம். கொழும்புச் செய்தியையும் கேட்ட வீடுகள் இருந்தன. ஆனால் அதைக் கேட்டபின் தமிழோசையில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அதாவது, ஒரே நிலையம் ஒரு மூதாட்டி இறந்ததைச் சொன்னால் நம்பினோம். ஓர் ஊரில் என்ன நடந்தது என்று சொன்னால் நம்பத் தயங்கினோம். ஒலிபரப்பி ஒன்றுதான், வாசித்தவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். மரண அறிவித்தலை எழுதிக் கொடுத்தது இழந்த குடும்பம். செய்தியை எழுதிக் கொடுத்தது அதிகாரம். நேயர்களுக்கு அந்த வேறுபாடு எந்தப் பட்டப்படிப்பும் இல்லாமலே தெரிந்திருந்தது.

குரலை வைத்துப் பிழைத்தவர்களும் அந்தக் காலத்தில் விலை கொடுத்தார்கள். ஒரு தலைமுறையையே மின்னல் வேகப் பேச்சால் கட்டிப்போட்ட கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவருக்கு ரசிகராக இருந்த அண்ணன்மார் பலர் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒரு கணம் நிறுத்துவார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் உங்களிடம் எடுத்துச்செல்லும்படி கேட்கும் ஒரு விடயத்துக்கு வருகிறேன். இது அதிகம் பேருக்குத் தெரியாது. 1995இல் கூட்டுத்தாபனம், நேயர்களும் பங்குபற்றிவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்தியது. எல்லாரும் என்ன செய்வோம்? “அநியாயம்” என்று சொல்லிவிட்டு வேறு அலைவரிசைக்குத் திருப்புவோம். ஆனால் அதில் பங்குபற்றிவந்த ஒரு நேயர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் அறிவிப்பாளரும் அல்லர், தயாரிப்பாளரும் அல்லர். 1996இல் தீர்ப்பு வந்தது. நிகழ்ச்சியை அப்படி நிறுத்தியதால், பங்குபற்றும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தலைமையிலான அமர்வு சொன்னது. அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, வானலைகள் பொதுச் சொத்து, அவை பொதுமக்களின் நன்மைக்கே பயன்பட வேண்டும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது.

வானொலியின் நூறு வருட வரலாற்றில் ஆளுநர்கள், அமைச்சர்கள், பணிப்பாளர்கள் பெயரெல்லாம் இருக்கும். எனக்கு அந்த நேயர்தான் பெரிய மனிதர். வானொலி யாருடையது என்ற கேள்விக்குப் பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னவர் அவர்.

இது ஒரு வைத்தியருக்கு ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். நோயாளி மருந்தை விழுங்குவது சொல்பவரை நம்பித்தான். மருந்தின் இரசாயனம் அவருக்குத் தெரியாது. நான் வேலை தொடங்கிய காலத்தில், வயிற்றோட்டம் வந்த பிள்ளையோடு வரும் தாய்மாரில் சிலர் ‘ஜீவனி’யைக் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டே வருவார்கள். யார் சொன்னது என்று கேட்டால், மருத்துவிச்சி அம்மா சொன்னா என்பார்கள், அல்லது ரேடியோவில் சொன்னது என்பார்கள். இன்று என் முன்னால் கையடக்கத் தொலைபேசியை நீட்டுகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், “குறூப்பில வந்தது டொக்டர்” என்று பதில் வருகிறது. அதில் சொன்னவருக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை, பிழை என்றால் திருத்திச் சொல்லும் கடமையும் இல்லை. அதை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை.

1990களில் தனியார் எஃப்.எம். வந்து, பாட்டுக்கும் பேச்சுக்கும் குறைவில்லாமற் போனது. பி.பி.சி. தமிழோசையும் 2017இல் தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. எத்தனையோ குரல்கள் கேட்கின்றன. ஆனால் மழை வெள்ளத்திலும் கொள்ளைநோயிலும், “வானொலியில் சொன்னது” என்று ஒரு தாய் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு பொதுக்குரல் எமக்கு வேண்டும். எல்லா மொழியிலும், எல்லா ஊருக்கும், ஆட்சி மாறினாலும் தொனி மாறாமல் பேசும் குரல். அந்த ஒலிபரப்பிக்கான பணம் ஏதோ ஒரு வகையில் எமது வரியிலிருந்துதான் போகிறது. அது சரியாகப் பேச வேண்டும் என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

தங்கைமாரே, எமது கல்லூரி உங்களுக்கு நன்றாகப் பேசக் கற்றுத்தரும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு, சொன்னவர் யார், எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்கவும், பிழையைக் கண்டால் ஒரு கடிதமாவது எழுதவும் பழகிக்கொள்ளுங்கள். உங்களில் ஒருத்தி ஒலிவாங்கிக்கு முன்னால் அமரும் நாள் வந்தால், மரண அறிவித்தலுக்கு இருந்த அந்த நேர்மையோடு செய்தியையும் வாசியுங்கள்.

பாயசம் ஆறப்போகிறது.