பிள்ளைகளின் ஆசைக்கு நாம் செய்யக்கூடிய ஏற்பாடு
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு, பத்து நிமிடம் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

“பிள்ளைகளின் கனவுக்குத் துணை நிற்போம்” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். துணை நிற்பது என்றால் என்ன செய்வது? இதற்கு நம் புதுக்கோட்டையிலேயே நல்ல பாடம் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரை, அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தால் எல்லா வீட்டிலும் அறிவார்கள். அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. தந்தை வீட்டிலேயே பாடம் நடக்க ஏற்பாடு செய்தார். மகள் தனித்தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து மகாராஜா கல்லூரி. அங்கே படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் போய், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெண் படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். பிறகு சட்டமன்றத்தில் அமர்ந்தார். தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை மறக்காமல், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார்.

இந்தக் கதையைச் சொன்னவுடன், “பார், அவர் மாதிரி நீயும் டாக்டராக வேண்டும்” என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் டாக்டராவதை ஊர் எதிர்பார்க்கவே இல்லை. இன்று ஊரே எதிர்பார்க்கிறது. அன்று ஆசைக்குத் தடை போட்டார்கள். இன்று ஆசையையே நாம் எழுதிக் கொடுக்கிறோம். இரண்டிலும் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்க ஆளில்லை.

பெரியவர்களாகிய நாம் பார்க்க வேண்டியது அந்த வீட்டில் நடந்த ஏற்பாடுகளை. பாடம் சொல்லித்தர வழி, கல்லூரியில் அனுமதி, போய்வர வண்டி. படித்தது மகள், அதற்கான வழியைச் செய்து கொடுத்தவர்கள் பெரியவர்கள். மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிக்க வேண்டும் என்று தாயாருக்கு இருந்த கவலையையும் குறை சொல்ல முடியாது. ஊர் என்ன பேசுமோ, மகள் தனியே நின்றுவிடுவாளோ என்று எந்தத் தாய்க்கும் பயம் வரும். நம் வீட்டிலும் பல நேரம் பிள்ளைக்குக் குறுக்கே நிற்பது நம் பயம்தான். “ஓவியம் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்கிறோம். கேட்பது தவறில்லை. ஆனால் அத்தோடு நிறுத்தாமல், அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, செலவு எவ்வளவு, முடித்தவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பிள்ளையோடு சேர்ந்து விசாரியுங்கள். விசாரித்த பிறகு பிள்ளையே மனம் மாறினாலும் சரி, உறுதியாக நின்றாலும் சரி, அந்த முடிவு பிள்ளையுடையதாக இருக்கும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களை இங்கே சிலருக்காவது நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், ஆசிரியைகளும் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தியில் எட்டாம் வகுப்புப் பாடமாகவே வந்தது. “தைரியமாக இரு” என்று மேடையில் சொல்லி மட்டும் இது நடக்கவில்லை. பயிற்சி முகாம் போட்டார்கள், சைக்கிள் வாங்கக் கடனுக்கு வழி செய்தார்கள். ஆசைக்கு ஏற்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, நம் குடியிருப்பில் என்ன செய்யலாம்? நான்கு விஷயங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, மாலை 6 மணி முதல் 9 மணி வரை நமது ஹாலைப் படிப்பதற்குத் திறந்து வையுங்கள். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோரின் பிள்ளைகளும் அங்கே உட்கார வேண்டும். மின்விசிறியும் விளக்கும் ஏற்கெனவே இருக்கின்றன.

இரண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மில் ஒருவர் தம் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசட்டும். வங்கி, விவசாயத் துறை, நர்ஸ், எலக்ட்ரீஷியன், வக்கீல் என்று நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறோம். டாக்டர், இன்ஜினியர் தவிர வேறு வேலைகளும் இருப்பது பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரியட்டும்.

மூன்று, விடுமுறையில் சேர்ந்து போவோம். திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஞானாலயா நூலகம் இருக்கிறது, சித்தன்னவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. எந்தப் பிள்ளை எதன் முன்னால் நின்று நகர மறுக்கிறது என்று கவனியுங்கள்.

நான்கு, செலவே இல்லாதது. தேர்வு முடிவு வரும் நாளில் லிஃப்டில் பார்க்கிற பிள்ளையிடம் “எவ்வளவு மார்க்?” என்று கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் மார்க் பட்டியல் போடாதீர்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளை அன்று முழுக்க வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படும். அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று பாருங்கள், பக்கத்தில் இருங்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

கடைசி வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று இன்னும் தெரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தெரிந்தால் வீட்டில் சொல்லுங்கள். முதல் தடவை “பார்க்கலாம்” என்பார்கள். மறுபடியும் சொல்லுங்கள்.

ஹால் சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதை மட்டும் இன்றே முடிவு செய்துவிட்டால், வரும் திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம். முதல் வாரம் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன்.