வாக்கு மாறாதவர்



வீடு தருவோம், காணி தருவோம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் நாம். லயத்துக் கூரை இன்னும் ஒழுகுது. அதனால் கடவுளின் வாக்குத்தத்தம் என்றாலும் மனசு தயங்குகிறது.

ஆபிரகாம் வாக்குப் பெற்றபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. கடவுள் தாமதித்தார், மறக்கவில்லை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. கடவுள் அழைத்தார் என்று நம்பி, 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர் டாக்டர் சாமுவேல் கிறீன். நோயாளரைப் பார்த்தார், தமிழ் படித்தார், நம் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் உடல்நலம் கெட்டு நாடு திரும்பினார். அங்கேயும் அந்தத் தமிழ் வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். வைத்தியசாலையோ இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

கடவுள் தம் வாக்கை, வாக்குத் தவறாத மனிதரைக் கொண்டும் நிறைவேற்றுகிறார். நாமும் வாக்குக் கொடுத்தவர்கள்தானே? குடிக்க மாட்டேன் என்று கோயிலில் சொன்னோம். பிள்ளையைப் படிக்க வைப்போம் என்று மனைவியிடம் சொன்னோம். சம்பள நாளன்று அதை மறந்துவிட்டு, கடவுள் மறந்தார் என்று முறையிடலாமா?

பெரட்டுக்கு நேரம் தவறாமல் போகிறோம். கொடுத்த வாக்கிலும் அப்படியே நிற்போம். அவர் உண்மையுள்ளவர். ஆமென்.