ஒரு சனிக்கிழமைப் பிற்பகல்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு பழைய சலனப் படத்தைப் பார்த்தேன். அது ஓடும் நேரம் சில நிமிடங்களே. பேச்சில்லை, வண்ணமில்லை. 1902-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், சனிக்கிழமை, இங்கிலாந்தின் பர்ன்லி நகரத்தில் நடந்த கால்பந்து ஆட்டத்தின்போது எடுத்த படம் அது. பர்ன்லிக் கழகத்தை எதிர்த்து ஆடியவர்கள் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தார். இன்று உலகெங்கும் பெயர் பெற்ற அந்தக் கழகம் அன்று இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. ‘நியூட்டன் ஹீத்’ என்ற பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் பூண்டு அதற்கு ஓராண்டுகூட நிரம்பவில்லை. அக்கழகம் ஆடுவதைக் காட்டும் மிகப் பழைய படம் இதுவே என்பர்.

ஆட்டத்தை அறிய விரும்பி இப்படத்தைப் பார்ப்பவர் ஏமாந்து போவார். பந்தைத் தொடர்ந்து செல்லும் ஆற்றல் அக்காலப் படப்பெட்டிக்கு இல்லை. அதை முக்காலியின்மேல் நிறுத்தி, கையால் கைப்பிடியைச் சுழற்றிப் படம் எடுத்தார்கள். அது நிற்கும் திசையில் பந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனால் இப்படத்தையும், அதே காலத்தில் எடுத்த வேறு சில ஆட்டப் படங்களையும் ஒருசேரப் பார்த்தபோது, என் கண் ஆட்டக்காரர்களை விட்டு வேறிடம் சென்றது. மைதானத்தைச் சூழ்ந்து நிற்கும் மக்கள்! தலைக்குத் தலை தொப்பி. முன்வரிசையில் சிறுவர்கள். படப்பெட்டி தம் பக்கம் திரும்புவதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி வீசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னே வருகிறார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து நம்மைப் பார்த்துக் கையசைப்பதுபோல் தோன்றுகிறது. நான் லங்காஷயர் வட்டாரத்தில் பிறந்தவன் அல்லன். அங்கே எனக்கு உற்றாரும் இல்லை. எனினும் அந்த முகங்கள் என் நெஞ்சைப் பிடித்து நிறுத்தின. அது ஏன் என்று எண்ணிப் பார்த்ததன் பயனே இன்றைய பேச்சு.

பர்ன்லிக்கு அருகில் பிளாக்பர்ன் என்றொரு நெசவாலை நகரம் உண்டு. அந்நகரத் தறிகளில் நெய்த வேட்டித் துணி ஒருகாலத்தில் கப்பல் கப்பலாக நம் நாட்டுக்கு வந்து இறங்கியது. அங்கே சாகர் மிட்செல், ஜேம்ஸ் கென்யன் என்ற இருவர் கூட்டாகப் படத் தொழில் நடத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலையான திரையரங்குகள் இல்லை. திருவிழாக் கொட்டகைகளிலும் நகர மண்டபங்களிலும் காட்சி நடத்துவோர் இவர்களிடம் படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். ஆலை விட்டு வெளிவரும் தொழிலாளர், ஊர்வலம், பள்ளிப் பிள்ளைகள், கால்பந்து ஆட்டம் என்று பலவற்றை எடுத்தனர். “உங்களை நீங்களே திரையில் காண வாருங்கள்” என்பதுதான் அக்காட்சிகளுக்கு விளம்பரம். கூட்டத்தில் எத்தனை முகம் படத்தில் விழுகிறதோ, அத்தனை பேர் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள். படப்பெட்டி மக்கள் பக்கம் திரும்பியதன் காரணம் இதுவே. வணிக நோக்கத்தால் செய்த செயல் பிற்காலத்தாருக்கு ஒரு செல்வமாக வாய்த்தது.

காட்சி முடிந்தபின் அப்படங்களுக்கு மதிப்பில்லை. மூலச் சுருள்கள் ஒரு கடையின் நிலவறையில் தகர உருளைகளுக்குள் உறங்கின. 1994-ஆம் ஆண்டில் வேலையாட்கள் அக்கட்டடத்தைக் காலி செய்தபோது அவ்வுருளைகள் கண்ணிற் பட்டன. குப்பையிற் போக வேண்டிய அவற்றை உள்ளூர்த் திரைப்பட ஆர்வலர் ஒருவர் காத்துக்கொடுத்தார். ஏறத்தாழ 800 சுருள்கள்! பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் அவற்றைப் பெற்று, பல ஆண்டுகள் உழைத்துச் செம்மை செய்தது. 2005-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி அவற்றை நாட்டு மக்களுக்குக் காட்டியது.

அப்போதுமுதல் பழைய கழகங்களின் ரசிகர்கள் இப்படங்களைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. யார் கோல் போட்டார் என்று அவர்கள் தேடுவதில்லை. படத்தை நிறுத்தி நிறுத்தி முகங்களைத் தேடுகிறார்கள். “என் பாட்டனாரின் தந்தை இக்கூட்டத்தில் நின்றிருப்பார்” என்கிறார் ஒருவர். பின்னால் தெரியும் புகைபோக்கி எந்த ஆலையுடையது என்று வாதிடுகிறார் இன்னொருவர். இடிந்துபோன மரப்பந்தல்களையும் மறைந்துபோன தெருக்களையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஷெபீல்டு யுனைடெட் கழகமும் பெரி கழகமும் 1902 செப்டம்பரில் ஆடிய ஆட்டத்தின் படத்தில், வில்லியம் போல்க் என்ற கோல் காவலர் ஓடிவருகிறார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். நூறு கிலோவைத் தாண்டிய பெருமேனி. அவரைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர் அசைந்து வருவதைக் கண்டதும் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அக்காலத்துக் கோல் காவலர் தம் பக்கத்துப் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். அவ்வுரிமை 1912-இல்தான் சுருங்கியது.

தாம் பிறவாத காலத்துக்காக மனிதர் ஏங்குவது விந்தை அன்றோ? ஆனால் அந்த ஏக்கத்துக்குப் பொருள் உண்டு. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நெசவாலைகளில் வேலை செய்யலாகாது என்று விதித்தது. அவர்கள் வெளியேறிய பின் ஆலை ஓடாது. ஆகவே ஆடவருக்கும் ஓய்வு கிட்டியது. அந்த ஓய்வு நேரத்தில் வளர்ந்த ஆட்டமே கால்பந்து. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் மரபும் அதனால் வந்ததே. 1888-இல் லீக் அமைப்பு தோன்றியபோது அதிற் சேர்ந்த 12 கழகங்களில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆறு பென்ஸ் கொடுத்தால் தொழிலாளி உள்ளே போகலாம். அவன் பக்கத்தில் நிற்பவன் அவனோடு தறி ஓட்டுபவன்; ஆடுபவனோ அடுத்த தெருக்காரனாக இருக்கலாம்.

இன்று நிலை வேறு. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. நுழைவுச் சீட்டின் விலை உயர்ந்தது. கழகங்களிற் பல வெளிநாட்டுச் செல்வர் கைக்கு மாறின. ஆட்டம் தொடங்கும் நேரம்கூடத் தொலைக்காட்சியின் வசதிக்கு வளைந்துவிட்டது. சண்டர்லந்து கழகம் 1997-இல் தன் பழைய மைதானத்தை விட்டது. அங்கே இன்று வீடுகள் நிற்கின்றன. ஆர்சனல் கழகம் 2006-இல் விட்டுச் சென்ற ஹைபரி மைதானமும் குடியிருப்பாயிற்று. ஆகவே பழைய படத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறவர் இறந்த காலத்துக்காக மட்டும் கலங்கவில்லை. ‘இது நம்முடையது’ என்ற உரிமை உணர்வு கை நழுவியதே என்றும் கலங்குகிறார்.

இந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதனிடம் நாம் விழிப்பாகவும் இருக்க வேண்டும். பழைய படம் பொய் சொல்வதில்லை என்று நம்புகிறோம். ஒரு சான்று கூறுகிறேன். 1923 ஏப்ரல் 28-ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் முதன்முதலாகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. கணக்கில் வந்தவர்கள் 1,26,047 பேர். சுவரேறிக் குதித்தவர்களோ எண்ணற்றோர். மக்கள் ஆடுகளத்தையே நிறைத்துவிட்டார்கள். குதிரைப் போலீசார் மெல்ல மெல்ல அவர்களை ஒதுக்கி இடம் செய்தனர். செய்திப் படத்தில் ஒரு வெள்ளைக் குதிரை எடுப்பாகத் தெரிந்தது. ‘வெள்ளைக் குதிரை ஆட்டம்’ என்ற பெயர் நிலைத்தது. உண்மையில் பில்லி என்ற அந்தக் குதிரை சாம்பல் நிறத்தது. கறுப்பு வெள்ளைப் படம் அதை வெள்ளையாக்கியது. அன்று உழைத்த குதிரை அது ஒன்று மட்டும் அன்று. மற்றவை படத்திற் பளிச்சிடாததால் மறக்கப்பட்டன. நினைவும் இப்படித்தான். பளிச்சிடுவதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது.

விட்டுவிட்டவை எவை? தோளோடு தோள் நெருங்கி நின்ற கூட்டத்தின் அழகைப் போற்றுகிறோம். அதே 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் மைதானத்தில் மரத்தளம் முறிந்து 25 பேர் மாண்டனர். 1946 மார்ச் 9-ஆம் நாள், போல்ட்டன் நகரில் நெரிசலில் 33 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். உடல்களை மைதானத்தின் ஓரத்திற் கிடத்தி, மேலங்கிகளாற் போர்த்திவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1989 ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. அதன் பின்னரே பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. நின்று பார்த்த காலத்தைப் புகழ்வோர் நின்றபடியே மாண்டவர்களையும் எண்ண வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய படங்களின் கூட்டத்தில் பெண் முகம் அருமை. ஆனால் 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் லிவர்பூலில் ஆடியதைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களிற் பெண்கள் ஆடலாகாது என்று தடுத்துவிட்டது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. ‘எல்லோருக்கும் உரிய ஆட்டம்’ என்று ஏங்குவோர், அந்த ‘எல்லோரும்’ யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

மீண்டும் பர்ன்லிக்கு வருவோம். 1902-இல் அங்கே முன்வரிசையில் நின்ற பத்து வயதுச் சிறுவனுக்கு 1914-இல் இருபத்திரண்டு வயது. அவ்வாண்டு போர் மூண்டது. அக்கிரிங்டன், பர்ன்லி, சோர்லி முதலிய ஊர் இளைஞர்கள் நண்பர்களாகக் கூடி ஒரே படைப்பிரிவிற் சேர்ந்தார்கள். ஒன்றாக ஆட்டம் பார்த்தவர்கள் ஒன்றாகவே போருக்குச் சென்றார்கள். 1916 ஜூலை முதல் நாள், பிரான்சில் சோம் போர்க்களத்தில், அப்பிரிவினர் ஏறத்தாழ 700 பேர் முன்னேறினர். மாண்டவரும் புண்பட்டவரும் காணாமற் போனவருமாக 580 பேருக்குமேல் வீழ்ந்தனர். பெரும்பகுதி அரை மணி நேரத்திற்குள். தொப்பியை வீசிச் சிரிக்கும் சிறுவர்களில் யார் யார் அக்களத்திற் கிடந்தார்கள் என்பதைப் படம் கூறாது. அவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு நம்மைப் பிடித்து நிறுத்துவதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே, நண்பர்களே, பழைய படத்தைப் பார்ப்பதற்கு இரண்டு கண்களும் வேண்டும். ஒன்று அன்பின் கண். மற்றொன்று ஆராய்ச்சியின் கண். அன்பு மட்டும் இருந்தால் இறந்த காலம் பொற்காலம் ஆகிவிடும். ஆராய்ச்சி மட்டும் இருந்தால் அந்த முகங்கள் வெறும் எண்ணிக்கை ஆகிவிடும்.

பார்ப்பதற்குப் படம் இருந்தால்தானே இவையெல்லாம்? அக்காலச் சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும்; தானாகவே மட்கிப் பொடியாகும். பிளாக்பர்னில் 800 சுருள்கள் தப்பியது தற்செயல். நம் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தற்செயல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும், பள்ளியின் அலமாரியிலும் பழைய புகைப்படங்கள் இருக்கும். மைதானத்தில் அணிவகுத்து நிற்கும் ஆட்டக்காரர்கள், ஆண்டு விழாக் கூட்டம், பெயர் தெரியாத ஒரு சிறுவன். அவர்களை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, இவர் யார், இது எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பர்ன்லியில் கையசைத்த அந்தச் சிறுவனின் பெயரை அன்று யாரேனும் எழுதி வைத்திருந்தால், இன்று அவனைப் பெயர் சொல்லி அழைத்திருப்போம்.