காசு போடுபவரின் இளமைக்காலம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிளப் ஹவுஸ் விளையாட்டு அறையைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. கேரம், செஸ், சீட்டு மேசை போதும் என்பது ஒன்று. பெரிய திரையும் வீடியோ கேமும் வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டு கட்சிக்கும் பேச வரவில்லை. அமெரிக்காவில் பின்பால் என்ற ஒரு விளையாட்டுத் தொழிலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நமக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

பின்பால் இயந்திரம் எப்படி இருக்கும்? கண்ணாடி மூடிய சாய்வான மேசை. ஸ்பிரிங் கட்டையை இழுத்து விட்டால் எஃகு உருண்டை மேலே போய், பலவற்றில் மோதிக்கொண்டு கீழே வரும். குழிக்குள் விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஆணி அடித்த பலகையில் கோலி உருட்டும் பாகடெல் விளையாடியவர்களுக்கு உடனே புரியும். இரண்டும் ஒரே குடும்பம்தான். துடுப்பு வைத்த முதல் பின்பால், காட்லீப் நிறுவனம் 1947-இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'. பெயரே குழந்தைப் பாட்டிலிருந்து வந்தது.

எல்லா இயந்திரத்திலும் உருண்டை ஒன்றுதான், துடுப்பு ஒன்றுதான். ஆளை இழுப்பது அதன் மேல் இருக்கும் படமும் கதையும். அந்தக் கதையை யார் தீர்மானிக்கிறார்கள்? நான் காமர்ஸ் படித்தவன்; வங்கியில் லெட்ஜர் எழுதியவன். என் பதில் சுருக்கமானது. காசு போடுபவர்தான் தீர்மானிக்கிறார்.

1970-களில் காசு போட்டது இளைஞர்கள். கடைகளிலும் மதுக்கூடங்களிலும் நின்ற இயந்திரத்தில் சில்லறை போட்டு ஆடினார்கள். அதனால் அன்றைக்கு எது பேச்சோ அதுவே படம். 'டாமி' திரைப்படம் வந்தது 1975. அதை வைத்து பாலி நிறுவனத்தின் 'விசார்ட்' இயந்திரம் வந்ததும் அதே 1975. அந்தப் படத்தில் பின்பால் சாம்பியனாக நடித்த பாடகர் எல்டன் ஜானுக்கு 1976-இல் தனி இயந்திரம். மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவில் நீவிலுக்கு 1977-இல், 'கிஸ்' இசைக்குழுவுக்கு 1979-இல். எல்லாம் சுடச்சுட.

1992-இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 இயந்திரங்கள் விற்றது. மின்னணு பின்பாலில் அதிகம் விற்றது அதுதான். காரணங்களில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குடும்பம் 1938-இல் பத்திரிகைக் கார்ட்டூனாகப் பிறந்தது, 1964-இல் தொலைக்காட்சித் தொடர், 1991-இல் சினிமா. தாத்தா கார்ட்டூனில் பார்த்ததை அப்பா டிவியில் பார்த்தார், பேரன் தியேட்டரில் பார்த்தான். மூன்று தலைமுறையும் ஒரே மேசைக்கு முன் நிற்க முடிந்தது.

பிறகு வீட்டுக்குள் வீடியோ கேம் இன்னும் பரவியது. ஆடும் கூட்டம் குறைந்தது. பெரிய தயாரிப்பாளரான வில்லியம்ஸ் 1999-இல் பின்பால் பிரிவையே மூடிவிட்டது. பல ஆண்டுகள் ஸ்டெர்ன் என்ற ஒரு நிறுவனம்தான் தாக்குப் பிடித்தது.

இன்று புதிய இயந்திரம் பல ஆயிரம் டாலர். அதை வீட்டுக்கே வாங்கி வைப்பவர்கள் நிறையப் பேர். அவ்வளவு பணம் கையில் இருப்பவர் யார்? பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீட்டுக்கடனையும் பெரும்பாலும் அடைத்து முடித்தவர். அவருக்குப் பிடித்தது அவருடைய பள்ளிக்காலம். இப்போது வருடங்களைக் கழித்துப் பாருங்கள். 'மன்ஸ்டர்ஸ்' டிவி தொடர் தொடங்கியது 1964, இயந்திரம் வந்தது 2019: இடைவெளி 55 ஆண்டு. 'ஜாஸ்' படம் 1975, இயந்திரம் 2024: இடைவெளி 49. 1975-இல் பூஜ்யமாக இருந்த இடைவெளி அரை நூற்றாண்டாகிவிட்டது. சில்லறை போன இடத்தில் செக் வந்தது. கூடவே படத்தின் வயதும் ஏறியது.

நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாங்குகிறவருக்குத்தானே விற்க முடியும்? ஆனால் ஐம்பது வயதுக்காரரின் நினைவை மட்டும் நம்பினால், அவருக்குப் பிறகு யார் ஆடுவார்கள்? இந்தக் கேள்விக்கு இரண்டு இயந்திரங்களில் பதில் இருக்கிறது. ஒன்று, 2013-இல் வந்த 'விசார்ட் ஆஃப் ஆஸ்'. படம் 1939-இல் வந்தது. 1939-இல் பார்த்தவர்களை நம்பி யாரும் அதைச் செய்திருக்க முடியாது. 1959-லிருந்து ஆண்டுதோறும் டிவியில் போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, அது பிள்ளைகளின் நினைவாகவும் ஆகிவிட்டது. இன்னொன்று, 2019-இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. 2016-இல் தொடங்கிய தொடர் அது. கதை நடப்பதோ 1980-களில். அப்பாவின் இளமைக்காலத்தைப் பிள்ளை தன் தொடராகப் பார்க்கிறான்.

ஆக, பழைய ரசனை அலமாரியில் பூட்டி வைத்தால் பிழைப்பதில்லை. அடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பிழைக்கிறது.

இப்போது நம் அறைக்கு வருவோம். பராமரிப்புக் கட்டணம் கட்டுவது நாம். கூட்டத்துக்கு வந்து கை தூக்குவதும் நாம். பட்டியலை அப்படியே விட்டால் அது நம் இளமைக்காலத்தின் பட்டியலாகத்தான் இருக்கும். அதில் தப்பெண்ணம் ஒன்றும் இல்லை. காசு போடுபவரின் இயல்பு அது. ஆனால் அந்த அறையில் பல வருடம் புழங்கப் போகிறவர்கள் இன்று இந்தக் கூட்டத்தில் இல்லை. டியூஷனில் இருக்கிறார்கள்.

என் யோசனை இரண்டு. பொருள் வாங்கும் முன், பத்து வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களிடம் ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். நம் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, பெரியவர்களுக்கு ஒரு நேரம், பிள்ளைகளுக்கு ஒரு நேரம் என்று அறையைப் பாகம் பிரிக்காதீர்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரமாவது இருவரும் சேர்ந்து ஆடட்டும். கேரமில் ரெட்டைப் போட்டு ஃபாலோ போடுவது எப்படி என்று நாம் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் கையில் இருக்கும் கன்ட்ரோலரில் எந்தப் பொத்தான் எதற்கு என்று அவர்கள் நமக்குச் சொல்லட்டும்.